வாளியும் கயிறும்

ஓகஸ்ட் மாதத்தில் தலவில புனித அன்னம்மாள் திருவிழாவுக்கு வருகிற வேன்கள் சில நாட்களுக்கு வீடாகவும் இருக்கின்றன. கூரைமேல் கூடாரத் துணியும் பாயும் கட்டியிருப்பார்கள். பின்னிருக்கைக்கு அடியில் அரிசி, காஸ் அடுப்பு, தேங்காய், தண்ணீர்க் கேன். நடுவில் பாட்டியும் கைக்குழந்தையும். கொழும்பிலிருந்து வருகிறவர்கள் நீர்கொழும்பு, மாரவில, சிலாபம், முந்தல், மதுரங்குளி என்று மேற்குக் கரையோரமாகவே வந்து, பாலாவியில் இடப்பக்கம் திரும்பிக் கற்பிட்டித் தீபகற்பத்துக்குள் நுழைகிறார்கள். யாழ்ப்பாணத்திலிருந்தும் மலையகத்திலிருந்தும் வருகிறவர்களுக்கு வழி இன்னும் நீளம். இவற்றில் பல வேன்கள் வயதானவை. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் பாவனைக்கான வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறக்கப்பட்டது. இடைப்பட்ட காலத்தில் இருந்ததையே ஒட்டுப்போட்டு ஓட்டுவதைத் தவிர நடுத்தரக் குடும்பங்களுக்கு வேறு வழி இருக்கவில்லை. ஏற்றத்தில் சூடேறும், காலையில் இழுத்து இழுத்து ஸ்டார்ட் ஆகும் என்பது வீட்டாருக்கே தெரிந்த இஞ்சினை வைத்துக்கொண்டு, இறைவன் பார்த்துக்கொள்வார் என்று சொல்லிப் புறப்படுவது நம்பிக்கையா, பொறுப்பின்மையா? பாதையோரக் கண்ணாடிப் பெட்டிக்குள் நிற்கும் அந்தோனியார் முன் மெழுகுதிரி ஏற்றுகிறவர்களுக்கும், சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைக்கிறவர்களுக்கும், பிஸ்மி சொல்லி ஸ்டியரிங்கைத் தொடுகிறவர்களுக்கும் இந்தக் கேள்வி பொதுவானது. இதற்கு விடை உண்டு என்று நினைக்கிறேன். அந்த விடையில் மூன்று மரபாரும் உடன்பட முடியும் என்றும் நினைக்கிறேன்.

கடுமையான விடையை முதலில் பார்த்துவிடலாம். 1877இல் வில்லியம் கிங்டன் கிளிஃபோர்ட் என்ற ஆங்கிலேயக் கணித அறிஞர் இந்தக் கேள்வியை ஒரு கப்பல் முதலாளியை வைத்து ஆராய்ந்தார். கப்பல் பழையது, பலமுறை பழுது பார்க்கப்பட்டது. முதலாளிக்கு ஐயம் வருகிறது. ஆனால் இத்தனை பயணம் போய் வந்த கப்பல்தானே, இத்தனை ஏழைக் குடும்பங்களைக் கடவுள் கைவிடுவாரா என்று தனக்குத்தானே சொல்லிச் சொல்லி அந்த ஐயத்தை அடக்கிவிட்டு, மனம் நிறைந்து வழியனுப்புகிறார். கப்பல் நடுக்கடலில் மூழ்குகிறது. அவர் உண்மையாகவே நம்பினார். ஆனாலும் குற்றவாளி என்கிறார் கிளிஃபோர்ட். கப்பல் பத்திரமாகக் கரை சேர்ந்திருந்தாலும் அவருடைய குற்றம் இம்மியும் குறையாது என்று அவர் சேர்த்துச் சொன்னதுதான் முக்கியம். சோதித்துப் பார்க்காமல் அடைந்த நம்பிக்கைக்கு அவருக்கு உரிமை இல்லை. இந்தத் தீர்ப்பின் மையக் கருத்தை நான் ஏற்கிறேன். ஆனால் நம் வேன்காரருக்கு இதை அப்படியே பொருத்த முடியாது. கப்பல் முதலாளி கரையில் நின்றார், நட்டம் வந்தால் காப்புறுதிப் பணமும் பெற்றார். வேன்காரரோ தன் தாயையும் பிள்ளைகளையும் ஏற்றிக்கொண்டு தானும் அதே வண்டியில் போகிறார். புது வண்டி வாங்க அவரால் முடியாது; பயணத்தை விடவும் மனமில்லை. கிளிஃபோர்ட் அவருக்குக் குற்றம் எது என்று சொல்லித் தருகிறார். எப்படிப் போவது என்று சொல்லித் தரவில்லை.

அதைச் சொல்லித் தருகிறவர் இஸ்லாமிய அறிஞர் இமாம் கஸ்ஸாலி. ஒட்டகத்தைக் கட்டிவிட்டு அல்லாஹ்வின் மேல் பொறுப்புச் சாட்டு என்ற நபிமொழி புத்தளத்துச் சிறுவர்களுக்கும் தெரியும். ஆனால் அந்தப் பொதுவான போதனை, எதைக் கட்ட வேண்டும், எதைக் கட்டாமல் விடலாம் என்று பிரித்துச் சொல்வதில்லை. கஸ்ஸாலி தம் ‘இஹ்யா உலூமித்தீன்’ நூலில் தவக்குல், அதாவது இறைவனைச் சார்ந்திருத்தல், பற்றிப் பேசும் பகுதியில் அதைப் பிரிக்கிறார். முன்னால் இருக்கும் உணவுக்குக் கை நீட்டாமல் இறைவன் ஊட்டுவான் என்று காத்திருப்பது நம்பிக்கை இல்லை, பைத்தியம் என்கிறார். பிறகு இப்ராஹீம் அல்கவ்வாஸ் என்ற 9ஆம் நூற்றாண்டு ஞானியை எடுத்துக்காட்டுகிறார். இறைவனைச் சார்ந்திருப்பதில் பெயர் பெற்றவர் அவர். கட்டுச்சோறு இல்லாமலே பாலைவனத்துக்குள் நடந்து போவார். ஆனால் ஊசி, கத்தரிக்கோல், கயிறு, தண்ணீர் மொள்ளும் தோல் வாளி ஆகிய நான்கும் அவரைவிட்டுப் பிரிந்ததே இல்லை. காரணம் தெளிவானது. உணவு எதிரே வருகிற யாராவது கொடுத்துக் கிடைக்கலாம், புல் பூண்டைத் தின்றும் நாளைக் கழிக்கலாம். ஆனால் ஆழக் கிணற்றிலிருந்து தண்ணீர் தானாக ஏறி வருவது இறைவன் இந்த உலகை நடத்தும் வழக்கத்தில் இல்லை. பாலையின் நடுவே கயிறும் வாளியும் கிடப்பதும் இல்லை. தண்ணீர் இல்லாவிட்டால் தொழுகைக்கு முன் அங்கசுத்தி செய்ய முடியாது. இருக்கும் ஓர் ஆடையும் கிழிந்தால், தைக்க ஊசி இல்லாமல் உடலை மறைத்து நின்று தொழ முடியாது. ஆகவே அந்தக் கருவிகள் அவருடைய வழிபாட்டின் பகுதியாகவே இருந்தன.

பாதை தரக்கூடியதைப் பாதையிடம் விடு, பாதையால் தரமுடியாததை நீ கொண்டுபோ என்று கவ்வாஸ் வகுத்த எல்லைதான் என் வாதம் முழுவதற்கும் அடிப்படை. நம் யாத்திரை வேன்களில் இது பெரும்பாலும் தலைகீழாக நடக்கிறது. அரிசியும் கோழியும் பாத்திரமும் ஏற்றுகிறோம்; மாற்று ஃபேன் பெல்ட் இருக்காது. பாலாவிக்கு அப்பால் தலவில வரை சோற்றுக்கும் தேநீருக்கும் பஞ்சமில்லை, பசித்த குழந்தைக்கு எந்த வீட்டிலும் ஏதாவது கிடைக்கும். ஆனால் உங்கள் பழைய டீசல் இஞ்சினின் அளவுக்குப் பொருந்தும் பெல்ட், ரேடியேட்டர் ஹோஸ், டீசல் ஃபில்டர் ஆகியவை இரவு பத்து மணிக்கு வழியோரப் பெட்டிக்கடையில் இருக்காது. அந்தக் கரையின் உப்புக்காற்று ரேடியேட்டரின் மெல்லிய தகடுகளையும் பேட்டரி முனைகளையும் அரிக்கிறது, மணல் எங்கும் நுழைகிறது. சூடேறிய ரேடியேட்டருக்கு அக்கம்பக்கத்தார் ஓடிவந்து தண்ணீர் தருவார்கள். அது உவர்க்கிணற்றுத் தண்ணீர் என்றால் அன்றைக்கு வண்டியை நகர்த்தும், உள்ளேயே விட்டுவைத்தால் உலோகத்தைத் தின்னும். அவர்களுடைய அன்பில் குறை இல்லை; ஆனால் நல்ல தண்ணீர்க் கேன் ஒன்றை இஞ்சினுக்கென்று ஒதுக்கிக் கொண்டுவருவது நம் பொறுப்பு. உடப்பிலிருந்தும் கற்பிட்டியிலிருந்தும் வெளிப்பொருத்து இயந்திரத்தோடு கடலுக்குப் போகும் மீனவர் தம் படகுக்குத் தெய்வத்தின் பெயரைத்தான் எழுதுகிறார், துடுப்பையும் படகுக்குள்தான் போடுகிறார். அவரை நம்பிக்கை குறைந்தவர் என்று கரையில் யாரும் சொல்வதில்லை.

பக்தர் ஒருவர் இங்கே மறுப்புச் சொல்லலாம். “நேர்த்தி வைத்த பிறகு நின்ற இஞ்சின் ஓடியதுண்டு. கருவியை நம்புகிறவன் அருளுக்கு இடம் விடுவதில்லை.” இந்த அனுபவத்தைப் பொய் என்று நான் தள்ளவில்லை. ஆனால் இந்தக் கரையின் தலங்கள் தங்களைப் பற்றிச் சொல்லும் கதைகளையே கேளுங்கள். தலவிலவின் மரபுக் கதைகளில் ஒன்று, கப்பல் உடைந்து கரையொதுங்கிய ஐரோப்பிய வணிகர் ஒருவர் தம் தொழில் செழித்தால் அன்னம்மாளுக்கு ஆலயம் எழுப்புவதாக நேர்ந்துகொண்டார் என்கிறது. அதில் கப்பல் உடைந்தது உடைந்ததுதான். சிலாபத்துக்கு அருகிலுள்ள முன்னேஸ்வரம் சிவன் கோயிலின் மரபில், இராவணனைக் கொன்று திரும்பும் இராமன் பிரமகத்தி தோஷம் தன்னைவிட்டு நீங்குவதை அங்கே உணர்ந்து புஷ்பக விமானத்தைக் கீழே இறக்குகிறான். போய்க்கொண்டே இருந்திருந்தால் அந்தக் கதை இல்லை. வரலாற்றிலும் ஓர் எடுத்துக்காட்டு உண்டு. 1344இல் மாலைத்தீவிலிருந்து தமிழகத்து மாபர்க் கரைக்குப் புறப்பட்ட மொரோக்கோப் பயணி இப்னு பதூதா, காற்றுப் போக்கு மாறிப் புத்தளத்தில் வந்திறங்கினார்; அங்கிருந்த மன்னர் ஆரியச் சக்கரவர்த்தி பல்லக்கும் துணைக்கு ஆட்களும் கொடுத்துப் பாவாதமலை எனப்படும் சிவனொளிபாத மலைக்கு அனுப்பிவைத்தார். திரும்பிய வழியில் மாபர் அருகே அவருடைய கப்பல் சிதைந்தபோது, மறுநாள் கரைவாசிகள் வந்து அவரை மீட்டார்கள். இந்தக் கதைகளில் எதிலும் அருள் வாகனத்தைப் பழுதில்லாமல் ஓட்டவில்லை. நின்ற இடத்தில் மனிதனுக்கு என்ன கிடைத்தது என்பதையே அவை சொல்கின்றன. ஆகவே தேய்ந்த பெல்ட் அறாமலிருக்க வேண்டும் என்பதைவிட, அறுந்தபோது என் அறிவும் நாவும் நிலையாக இருக்க வேண்டும் என்பதே இந்தக் கரைக்கு ஏற்ற வேண்டுதல்.

எதிர்ப்பக்கத்திலிருந்தும் ஒருவர் கேட்பார்: “அப்படியானால் காலத்துக்குக் காலம் சேர்விஸ் செய்தால் போதும், இதில் சமயத்துக்கு என்ன வேலை?” இவருக்கு விடை சூடேறிய இஞ்சினிலேயே இருக்கிறது. ரேடியேட்டர் மூடி அழுத்தத்தைப் பிடித்து வைத்திருப்பதால் உள்ளே தண்ணீர் 100 பாகை செல்சியஸைத் தாண்டியும் கொதிக்காமல் நிற்கிறது. அவசரப்பட்டுத் திறந்தால் அந்த அழுத்தம் விடுபட்டுக் கொதிநீரும் ஆவியும் முகத்தில் அடிக்கும். சூட்டோடு குளிர்நீர் ஊற்றினால் சிலிண்டர் ஹெட் வெடிக்கவும் கூடும். சூடு தணியும் வரை காத்திருப்பதுதான் முதல் பழுதுபார்ப்பு. இதைப் பராமரிப்பு நூலில் ஒரு வரியில் எழுதிவிடலாம்; செய்வதற்குக் குணம் வேண்டும். பின்னிருக்கையில் குழந்தை அழுகிறது, மச்சான் குறை சொல்கிறார், திருப்பலி தொடங்கும் நேரம் நெருங்குகிறது. அந்த அரைமணி நேரத்தில் கையைக் கட்டிக்கொண்டு நிற்க முடிகிறவரிடம் இருக்கும் பொறுமையை எந்தக் கராஜிலும் வாங்க முடியாது. சமயங்கள் பல நூற்றாண்டுகளாகப் பழக்கி வந்தது இதைத்தான். அதோடு, எவ்வளவு சேர்விஸ் செய்தாலும் ஒரு பழைய இஞ்சினின் எல்லாப் பாகங்களையும் யாராலும் அறிந்துவிட முடியாது. அறிந்ததை ஒழுங்கு செய்த பிறகும் அறியாதது மிஞ்சும். அந்த மிச்சத்தைப் பதற்றமில்லாமல் சுமப்பதற்கு மனிதர்கள் வைத்திருக்கும் பழைய பெயர்தான் இறைநம்பிக்கை. வள்ளுவர் அறத்துப்பாலை ஊழ் என்ற அதிகாரத்தோடு முடித்துவிட்டு, பொருட்பாலில் ஆள்வினையுடைமைக்கும் ஓர் அதிகாரம் கொடுத்தது முரண்பாடு என்று சிலர் வாதிடுவார்கள். வேன் ஓட்டுகிறவருக்கு அதில் முரண்பாடு தெரியாது.

ஏழையின் வழக்கு மிஞ்சியிருக்கிறது; என் மனத்துக்கு அதுவே பாரமானது. மாற்று பெல்ட் வாங்கவும் கையில் காசில்லாதவர் யாத்திரை போகக் கூடாதா? போகலாம். கஸ்ஸாலியின் அளவுகோலில் அவர் தவறியவர் ஆகமாட்டார், ஏனெனில் தன்னால் முடியாததை ஒருவர் விட்டுவிடுவது அலட்சியம் இல்லை. ஆனால் ஒரு கடமையை வறுமையும் நீக்காது, அதற்குக் காசும் வேண்டியதில்லை. தனக்குத் தெரிந்ததை வண்டியில் ஏறுகிறவர்களுக்குச் சொல்ல வேண்டும். கிளிஃபோர்டின் முதலாளி தன் ஐயத்தைத் தன்னிடமிருந்தே மறைத்தார். நம்மில் சிலர் பாட்டி பயப்படுவாள் என்று அவளிடமிருந்து மறைக்கிறோம். ஆனால் ஏழைக்குரிய இந்த விதிவிலக்குக்குள் பிரேக்கும் டயரும் அடங்கா. ஓடாமல் நிற்கும் இஞ்சின் பயணத்தைத் தாமதப்படுத்தும், நிற்காத வண்டி உயிரை வாங்கும். பிரேக் சரியில்லாத வேனில் பிள்ளைகளை ஏற்றுவதற்கு எந்த நேர்த்தியும் எந்த வறுமையும் சாட்சி சொல்லாது. இஞ்சின் நின்றுபோகலாம் என்று முன்கூட்டியே அறிந்து சம்மதித்து ஏறியவர்கள் வழியில் நிற்கும்போது ஒருவரையொருவர் குற்றம் சாட்டமாட்டார்கள். முடிந்தவர்கள் இறங்கித் தள்ளுவார்கள்.

ஆகவே ஆலய நிர்வாகங்களுக்கும் பள்ளிவாசல் சபைகளுக்கும் ஒரு வேண்டுகோள். திருவிழாக் காலத்தில் வழியெங்கும் தண்ணீர்ப் பந்தல் வைக்கிறீர்கள், முதலுதவிக் கூடாரமும் போடுகிறீர்கள். பாலாவிச் சந்தியிலும் தலவில வளவிலும் முன்னேஸ்வரத்து வீதியிலும் அதற்குப் பக்கத்திலேயே ஒரு மேசை போடுங்கள். சில அளவு பெல்ட்டுகள், ஹோஸ், கிளிப், ஸ்பேனர் பெட்டி, உவர் இல்லாத தண்ணீர், இரவில் வேலை தெரிந்த ஒருவர் இருந்தால் போதும். புறப்படுகிறவர்களுக்குச் சொல்ல வேண்டியது இன்னும் சிறியது: அரிசி மூட்டையில் சில கிலோ குறைத்து, அந்தக் காசில் ஒரு ஃபேன் பெல்ட் வாங்கி ஏற்றிக்கொள்ளுங்கள்.