சளிக்காலமும் குழந்தைகள் வார்டும்

அடைமழைக் காலத்தில் அரசு மருத்துவமனையின் குழந்தைகள் வார்டு ஏன் நிரம்பி வழிகிறது? நோயாளிகள் அதிகம், கட்டில்கள் குறைவு என்று ஒரே வரியில் சொல்லிவிடலாம். அது பிழையன்று, ஆனால் மேலோட்டமானது. நெருக்கடியின் வேர் எண்ணிக்கையைவிட நாட்களில்தான் ஆழமாக ஓடுகிறது. கள்ளக்குறிச்சி மாவட்டத்தையும் அதிலுள்ள கல்வராயன் மலையையும் முன்வைத்து அதைப் படிப்படியாகக் காண்போம்.

முதற்படி, குழந்தையின் உடல். மழையை ஒட்டிய மாதங்களில் பரவும் வைரஸ்களுள் கைக்குழந்தைகளை மிகுதியாக வாட்டுவது ஆர்.எஸ்.வி. 1956இல் சிம்பன்சிகளிடமும், சற்றுப் பின்னர்க் குழந்தைகளிடமும் கண்டறியப்பட்டது இது. பெரியவர்களுக்குப் பெரும்பாலும் வெறும் சளியாக வந்துபோகும். கைக்குழந்தைக்கோ நுரையீரலின் நுண்குழாய்கள் வீங்கிச் சளியால் அடைபடுகின்றன. சீரான ஓட்டத்தில், ஒரு குழாயின் ஆரம் பாதியானால் தடை இருமடங்கு ஆவதில்லை, பதினாறு மடங்காகிறது. சிறிய வீக்கமும் பெரிய திணறலாவது இதனால்தான். "பிள்ளைக்கு இளைக்குது, நெஞ்சு உள்ளே இழுக்குது" என்று தாய் சொல்வதையே மருத்துவரும் தேடுகிறார். சட்டையை விலக்கி, ஒரு முழு நிமிடம் மூச்சை எண்ணுகிறார். இரண்டு மாதத்துக்குட்பட்ட சிசுவுக்கு 60, ஒரு வயதுக்குள் 50, ஐந்து வயதுக்குள் 40 என்ற அளவை எட்டினால் எச்சரிக்கை. அழும் குழந்தையிடம் எண்ணினால் கணக்கு தவறும். அழுகை அடங்கும்வரை காத்திருக்க வேண்டும்.

இரண்டாம் படி, சிகிச்சை. இந்நோயைக் குணப்படுத்தவென்று வழக்கத்தில் தனி மருந்து இல்லை. ஆன்டிபயாடிக் பாக்டீரியாவை ஒடுக்குமே தவிர வைரஸைத் தொடாது. ஆக்சிஜன் தருவது, மூக்குச் சளியை உறிஞ்சி எடுப்பது, பால் குடிக்க இயலாதபோது குழாய்வழி ஊட்டுவது, விடாமல் கவனிப்பது ஆகியவையே சிகிச்சை. நோய் பெரும்பாலும் மூன்றாம் நாளுக்கும் ஐந்தாம் நாளுக்கும் இடையில் உச்சம் தொட்டு, பிறகு மெல்லத் தணியும். இந்தப் போக்கை எவராலும் விரைவுபடுத்த இயலாது. ஆகவே கட்டிலையும் விரைவில் காலி செய்ய இயலாது. இங்கே முதலில் பற்றாக்குறையாவது மருந்தன்று, செவிலியரின் கண்ணும் கையும்தான்.

மூன்றாம் படி, பருவம். ஒரு கற்பனைக் கணக்கு போடுவோம். ஆண்டுக்கு 365 குழந்தைகள், ஆளுக்கு ஐந்து நாள் தங்கல். வரவு சீராக இருந்தால் எந்நாளும் ஐந்து கட்டில்கள் போதும். அதே 365 பேரும் 60 நாட்களுக்குள் வந்தால் முப்பதுக்கு மேல் வேண்டும். குழந்தைகள் கூடவில்லை, நாட்கள்தான் நெருங்கிவிட்டன. 2022 செப்டம்பரில் காய்ச்சல் பரவியபோது, அண்டையிலுள்ள புதுச்சேரி அரசு எட்டாம் வகுப்பு வரையிலான மாணவர்களுக்கு 17 முதல் 25 வரை விடுமுறை விட்டது. பள்ளிப் பிள்ளைகளிடையே பரவலைத் தாமதப்படுத்தினால், வீட்டிலுள்ள கைக்குழந்தைக்கு அது போய்ச் சேர்வதும் தாமதமாகும். அந்த ஆண்டின் இறுதியில் அமெரிக்கக் குழந்தைகள் மருத்துவமனைகளும் ஆர்.எஸ்.வி. அலையில் நிரம்பின. செல்வ நாட்டையும் இந்தக் கணக்கு விட்டுவைக்கவில்லை.

நான்காம் படி, இடம். 2019இல் தனி மாவட்டமான கள்ளக்குறிச்சிக்கு, 2022 ஜனவரியில் அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது. அதற்கு முன் உயர்சிகிச்சைக்கு முண்டியம்பாக்கம், சேலம், புதுச்சேரி என்று அலைய வேண்டியிருந்தது. சமவெளிக்கு இந்தக் கல்லூரி பெரும் ஆறுதல். மலைக்கோ பாதை என்னும் தடை எஞ்சியிருக்கிறது. 2024 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் கல்வராயன் மலை மக்களின் நிலை குறித்துத் தாமாக முன்வந்து வழக்கை எடுத்தது. நகரத்துக் குழந்தையை ஓரளவு தேறியதும், "திணறினால் ராத்திரியே தூக்கிட்டு வாங்க" என்று சொல்லி அனுப்பலாம். மலைமேல் வெள்ளிமலைக்கு அப்பாலுள்ள குக்கிராமத்துத் தாயிடம், மழை இரவில் அப்படிச் சொல்வது எளிதன்று. அந்தக் குழந்தையை இன்னும் ஒரு நாள் வைத்திருப்பதே சரியான முடிவு. ஆக, பாதையின் தூரம் வார்டில் நாட்களாக மாறுகிறது.

இனி, தீர்வு. 2021இல் தமிழகத்துக்கு வந்த நியூமோகாக்கல் தடுப்பூசி பாக்டீரியா நிமோனியாவைத்தான் தடுக்கும். ஆர்.எஸ்.வி.க்கு எதிராகக் கர்ப்பிணிகளுக்கான தடுப்பூசி 2023இல் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் ஒப்புதல் பெற்றது. நம் அரசின் இலவச அட்டவணையில் அது சேரவில்லை. அது சேரும்வரை பயன்படுவது முன்தயாரிப்பு. புரட்டாசி பிறக்கும் முன்பே மலையின் ஆரம்ப சுகாதார நிலையங்களில் விரலில் மாட்டும் ஆக்சிஜன் மானி, கைக்குழந்தைக்குப் பொருந்தும் அளவில், இருக்க வேண்டும். சிலிண்டர் நிரம்பியிருக்க வேண்டும். மூச்சை எண்ணப் பழகிய கிராம சுகாதாரச் செவிலியர் இருந்தால், கீழே அனுப்ப வேண்டிய குழந்தை எது, அங்கேயே கவனிக்கத்தக்கது எது என்று பிரித்தறியலாம். சமவெளி வார்டுக்கும் மழை மாதங்களுக்கென்று கூடுதல் செவிலியரை முன்கூட்டியே ஒதுக்கலாம்.

ஆண்டுச் சராசரியை வைத்துக் கட்டில்களைத் திட்டமிட்டால், தாளில் எப்போதும் இடம் மிஞ்சும். ஐப்பசியின் நெருக்கடியான ஒரு வாரத்தை வைத்துத் திட்டமிடுவதே குழந்தைகள் வார்டுக்குப் பொருந்தும் கணக்கு.