கர்ப்பப்பையும் சேரி ரோடும்

"உசுரு பொழச்சிது, கர்ப்பப்பைதான் போச்சி." எங்க கூட்டேரிப்பட்டுப் பக்கத்துச் சேரிகளில் இதை விதி என்கிறார்கள். விதியா?

பிள்ளை பெற்றவளுக்கு உதிரம் மருந்துக்கு நிற்காவிட்டால், கர்ப்பப்பையையே தையலால் இறுக்கி நிறுத்தலாம். சியரா லியோனில் பிறந்த மருத்துவர் பி-லிஞ்ச் 1997இல் எழுதிக்காட்டிய முறை இது. அதற்கும் அடங்காதபோதுதான் கர்ப்பப்பையை எடுப்பது. ஆனால் உதிரம் போகப்போக, ரத்தம் உறையும் தன்மையும் போய்விடும். பிறகு தையலை மட்டும் நம்ப முடியாது.

முண்டியம்பாக்கம் மருத்துவக் கல்லூரி நெடுஞ்சாலையிலேயே இருக்கிறது. சேரியிலிருந்து நெடுஞ்சாலைக்கு வருவதற்குள் நேரம் போனால், உயிரா கர்ப்பப்பையா என்று முடிவெடுத்தது டாக்டர் மட்டுந்தானா? ஊருக்கு மொதல்ல ரோடு, சேரிக்கு அப்பறம் பாத்துக்கலாம் என்றவர்களும்தானே? அறுத்த கையிடம் மட்டும் கணக்குக் கேட்பது எந்த ஊர் அறம்?