கனமும் காலமும்

தர்ம விசாரம் செய்ய ஹரிச்சந்திரனின் மயானம் வரை போக வேண்டும் என்பதில்லை. காலில் மாட்டுகிற பூட்ஸைப் பற்றிக் கொஞ்சம் யோசித்தாலும் போதும். மலைப் பாதைகளில் நடப்பவர்களுக்கென்று இப்போது ஒரு வகைப் பூட்ஸ் விற்கிறார்களே, கையில் எடுத்தால் பூப்போல இருக்கிறது, ஓடைத் தண்ணீரில் இறங்கினாலும் உள்ளே ஈரம் படுவதில்லை, அது தனக்குள் ஒரு நல்ல தர்ம சங்கடத்தை வைத்திருக்கிறது. நம் சுமையைக் குறைப்பதற்காக ஒரு பொருள் தன் ஆயுளைக் குறைத்துக்கொள்வது நியாயந்தானா? அப்படிக் குறைத்துக்கொண்டால் அதை நம்மிடம் சொல்ல வேண்டாமா?

முதலில் லேசான பூட்ஸின் கட்சியைப் பேசிவிடுகிறேன். ஐரோப்பாவில் ஆல்ப்ஸ் மலை ஏறியவர்கள் பழைய நாளில் தடித்த தோலில் செய்து அடியில் இரும்பு ஆணி அடித்த பூட்ஸையே போட்டார்கள். அதன் கனம் சாமானியமானதல்ல. செங்குத்தான பாறையில் அது உதவாது என்பதால், பாறையடியில் அதைக் கழற்றி வைத்துவிட்டு மெல்லிய பாதரட்சை மாட்டிக்கொண்டு ஏறுவார்கள். 1935-ல் இத்தாலியில் விடாலே பிரமானி என்பவரோடு மலையேறப் போன கூட்டத்தைப் பனிப்புயல் மடக்கியது. ஆறு பேர் மாண்டு போனார்கள். அந்தச் சாவுக்குக் காலணியும் ஒரு காரணம் என்ற எண்ணம் பிரமானியை விடவில்லை. பாறைக்கும் பனிக்கும் ஒன்றேபோல் உதவும்படி, ஆழமாகப் பல் வெட்டிய ரப்பர் அடியை அவர் 1937-ல் கொண்டுவந்தார். 1954-ல் இத்தாலியர்கள் கே-2 சிகரத்தை முதன்முதலாக ஏறியபோது அவர்கள் காலில் இருந்தது அந்த ரப்பர்தான். ஆகவே, காலின் பாரத்தைக் குறைக்கிற முயற்சியைச் சோம்பேறிகளின் ஆசை என்று தள்ளிவிட முடியாது. அதன் பின்னால் ஆறு உயிர்கள் இருக்கின்றன.

கணக்கும் அந்தப் பக்கம்தான் பேசுகிறது. காலில் ஒரு ராத்தல் முதுகில் ஐந்து ராத்தலுக்குச் சமம் என்பது மலையேறிகளின் பழைய வாக்கு. ஒரு நாளைக்கு 20,000 அடி எடுத்து வைக்கிறவருக்கு, ஒரு பூட்ஸில் அரைக் கிலோ குறைந்தால் மாலைக்குள் 10,000 கிலோ தூக்குகிற வேலை மிச்சம். பழைய தோல் பூட்ஸ் ஜோடி ஒன்றரை, இரண்டு கிலோ வரும். இன்றைய லேசான ஜோடி ஒரு கிலோவுக்குள் அடங்கிவிடுகிறது. முழங்கால் வலிக்கிற வயதில் இந்த வித்தியாசத்தை அற்பம் என்று யார் சொல்வார்?

1955-ல் எம்மா கேட்வுட் என்ற அமெரிக்க மூதாட்டி, தமது 67-வது வயதில், சாதாரணக் கான்வாஸ் ஷூ போட்டுக்கொண்டு அப்பலாச்சியன் மலைப்பாதை முழுவதையும் தன்னந்தனியே நடந்து முடித்தார். தூரம் 3,200 கிலோமீட்டருக்கு மேல். வழியில் பல ஜோடிகள் தேய்ந்து போயின. தேயத் தேய வேறு வாங்கிக்கொண்டார். அந்தக் கிழவியையும் அவருடைய ஷூவையும் நினைத்தால் எனக்கு இருவர் மீதும் மதிப்பு உண்டாகிறது. கான்வாஸ் ஷூ, 'நான் கொஞ்ச நாள்தான் இருப்பேன்' என்று தன் முகத்திலேயே எழுதி வைத்துக்கொண்டு வருகிறது. அதை நம்பி மோசம் போனவர் இல்லை.

நீர் புகாத பூட்ஸின் சங்கதி வேறு. 1969-ல் அமெரிக்காவில் ராபர்ட் கோர் என்பவர், தோசைக்கல்லில் நாம் டெஃப்லான் என்று அறிந்திருக்கிற அதே பிளாஸ்டிக்கைச் சூடாக்கி இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். நிதானமாக இழுத்தபோதெல்லாம் அறுந்துபோயிற்று. வெடுக்கென்று இழுத்ததும் பல மடங்கு நீண்டு, கண்ணுக்குத் தெரியாத துவாரங்கள் நிறைந்த பொருளாக மாறிவிட்டது. அதிலிருந்து மெல்லிய சவ்வு பிறந்தது. அதன் துவாரம் நீர்த்துளியைவிட 20,000 மடங்கு சிறியது, நீராவியின் அணுத்திரளைவிட 700 மடங்கு பெரியது என்று செய்தவர்கள் கணக்குச் சொல்கிறார்கள். மழை உள்ளே வராது. வியர்வை ஆவியாகி வெளியே போகும். அற்புதமான யுக்திதான். ஆனால் அந்தச் சவ்வு பூட்ஸுக்கும் அஸ்தருக்கும் நடுவே மறைந்திருக்கிறது. விரல்கள் மடங்குகிற இடத்தில் ஒவ்வோர் அடிக்கும் அதுவும் மடங்குகிறது. பொடி மணல் அரைக்கிறது, வியர்வை உப்பு படிகிறது. ஒரு நாள் அங்கே நூலளவு கீறல் விழுந்தால் போதும், தண்ணீர் வந்துவிடும். வெளியே பார்த்தால் பூட்ஸ் புதுசுபோல இருக்கும்.

என் நண்பர் ஒருவருக்கு வெளிநாட்டிலிருந்து மகன் இப்படி ஒரு ஜோடி அனுப்பியிருந்தான். நண்பர் நல்ல பொருளை உடனே எடுத்து உபயோகிக்கிற ஜாதி அல்ல. ரிடையரான பிறகு கேதார்நாத் போகும்போது போட்டுக்கொள்ளலாம் என்று பிளாஸ்டிக் உறையில் சுற்றி, பீரோவின் அடித்தட்டில் வைத்துவிட்டார். எட்டு வருஷம் கழித்து அந்த நாளும் வந்தது. கௌரிகுண்டத்திலிருந்து ஏறி இரண்டு மணி நேரம் ஆவதற்குள், தூறல் விழுந்த பாதையில், அடிப்பாகம் பயத்தமாவு உருண்டைபோல உதிர்ந்து கழன்றது. சறுக்கி விழுந்தவரைப் பின்னால் வந்த குதிரைக்காரன் பிடித்துக்கொண்டான். கயிற்றால் கட்டிக்கொண்டு கீழே இறங்கிவிட்டார், தரிசனம் இல்லை.

"கல்லில் முள்ளில் இழுத்தேனா, ஐயா? பூஜை சாமானைப்போல அல்லவா வைத்திருந்தேன்!" என்றார் என்னிடம்.

அப்படி வைத்திருந்ததுதான் வினையாயிற்று. பல பூட்ஸ்களில் பாதத்துக்கு மெத்தையாக வைக்கிற பாலியூரித்தேன் என்ற நுரை, காற்றிலுள்ள ஈரத்தாலேயே மெல்ல மெல்ல இற்றுப் போகும் குணமுடையது. ஐந்து முதல் பத்து வருஷத்துக்குள், காலில் போட்டாலும் போடாவிட்டாலும், அது உதிரலாம். காற்றோட்டமில்லாமல் மூடி வைத்தால் இன்னும் சீக்கிரம். சேமித்து வைப்பது நல்ல குணம் என்று தலைமுறை தலைமுறையாகக் கற்ற ஒரு மனிதரை, அந்த நற்குணமே மலைச்சரிவில் தள்ளப் பார்த்தது.

ஊருக்கு வந்து அதைத் தெருமுனையில் செருப்புத் தைக்கிறவரிடம் காட்டினார். அவர் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது ஒட்டினது சார். ஊசி எறங்க இதுல எடமே வைக்கலியே" என்று சொல்லித் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

இந்த விஷயத்தில் நான் கேட்ட விமரிசனங்களில் இதற்கு மேலான ஒன்று இல்லை. பழைய பூட்ஸின் கனம் எங்கே இருந்தது? கெட்டித் தோலிலும், ஓரத்தில் ஓடிய தடித்த தையலிலும் இருந்தது. அடி தேய்ந்தால் அந்தத் தையலைப் பிரித்து வேறு அடி வைத்துத் தைக்கலாம். அதுவும் தேய்ந்தால் மறுபடியும் வைக்கலாம். கனத்தைக் குறைக்கும்போது பெரும்பாலும் முதலில் போவது இந்த ஊசிக்கான இடம்தான். கடையில் தூக்கிப் பார்த்து மகிழ்கிற லேசில், பழுதுபார்க்க முடியாமையும் சேர்ந்தே இருக்கிறது.

போன கனம் வேறு யார் தலையிலாவது ஏறுவதும் உண்டு. அந்தச் சவ்வுக்கு உரிய டெஃப்லான் இனத்துப் பிளாஸ்டிக்கைச் செய்ய நெடுங்காலம் உபயோகித்த ஒரு ரசாயனம், அமெரிக்காவின் பார்க்கர்ஸ்பர்க் ஊருக்கு அருகே இருந்த ஆலையிலிருந்து சுற்று வட்டாரக் குடிநீரில் கலந்தது. வழக்கு நடந்து, 2017-ல் 67 கோடி டாலர் நஷ்டஈட்டுக்கு ஒப்புக்கொள்ளும் வரை போயிற்று. இந்த இனத்து ரசாயனங்கள் மண்ணிலும் நீரிலும் லேசில் அழிவதில்லை. துணியிலும் காலணியிலும் இவற்றைத் தடுக்க பிரான்ஸ் 2025-ல், சில விலக்குகளோடு, ஒரு சட்டம் செய்தது. 2026 ஜனவரி முதல் தேதி அதற்கு ஆரம்பம் என்று குறித்தது. உபயோகிக்கிறவன் காலைவிட்டு ஐந்தாறு வருஷத்தில் போய்விடுகிற பூட்ஸின் மிச்சம், அவன் பேரனுக்குப் பேரன் குடிக்கிற தண்ணீரில் இருக்கலாம்.

'அப்படியானால் தோல் பூட்ஸே உத்தமம்' என்று தீர்ப்பெழுதவும் எனக்குத் துணிவில்லை. தோல் பதனிடும் கழிவு பாலாற்றை என்ன செய்தது என்பதை வேலூர்ப் பக்கத்தார் அறிவார்கள். 1996-ல் சுப்ரீம் கோர்ட்டே அதைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல நேர்ந்தது. கனமான பொருளும் பாவம் செய்யாமல் பிறப்பதில்லை. ஆனால் ஒரு முறை செய்த பாவத்துக்கு இருபது வருஷம் உழைப்பதும், அதே பாவத்தை ஐந்து வருஷத்துக்கு ஒரு முறை புதிதாகச் செய்வதும் ஒன்றாகுமா?

அல்பாயுசு குற்றமில்லை என்பதே என் முடிவு. மல்லிகைப் பூ ஒரு நாளில் வாடுகிறது. அதை யாரும் கோபிப்பதில்லை. அல்பாயுசான பொருள் தீர்க்காயுசு வேஷம் போட்டுக்கொண்டு, பத்திரமாக நம்பும்படி வந்து நிற்பதுதான் குற்றம். மாத்திரை அட்டையில் எந்த மாதம் வரை செல்லும் என்று அச்சடிக்கிறோம். பால் பொட்டலத்தில்கூடத் தேதி இருக்கிறது. ஆயிரமாயிரமாய் விலை கொடுத்து, பள்ளத்தாக்கின் விளிம்பில் உயிரை ஒப்படைக்கிற பூட்ஸில், அதன் நுரைக்கு எத்தனை வருஷம் கெடு என்று நாக்கின் உட்புறத்தில் ஒரு வரி பொறிக்கக் கூடாதா? பொறித்திருந்தால் என் நண்பர் பீரோவில் பூட்டியிருக்கமாட்டார். தினம் காலையில் போட்டுக்கொண்டு உலாவப் போயிருப்பார். அப்படித் தேய்ந்து போயிருந்தாலும் அந்தப் பொருளுக்கு அது நல்ல சாவாக இருந்திருக்கும்.

நம் பங்கும் ஒன்று உண்டு. கடையில் எதையும் கையில் தூக்கி, "எவ்வளவு லேசு!" என்று வியக்கிறோமே, அதே மூச்சில் "எத்தனை நாள் வரும்? கெட்டால் யார் சரிசெய்வார்?" என்று கேட்டுவிட வேண்டும். விற்கிறவருக்குச் சங்கடமாகத்தான் இருக்கும். கேட்டுக்கொண்டே இருந்தால், செய்கிறவர்கள் ஊசிக்கு இடம் வைக்கத் தொடங்குவார்கள்.