தணிகைப் படிவிழாவும் மக்களை வளர்க்கும் முறையும்

உயிர்கள் அனாதியே உள்ளன. அவற்றை ஒருவரும் படைத்திலர் என்பது சைவ சித்தாந்தத்தின் துணிபு. தாயுந் தந்தையும் உடம்பு தோன்றுதற்கு வாயிலாவர். அவ்வுடம்பினுள் வந்து பொருந்தும் உயிரோ தன் ஆணவ மறைப்போடும் முன்னை வினைப்பயனோடும் வருகின்றது. ஒரு வயிற்றிற் பிறந்து, ஒரு மனையில் உண்டு, ஓராசிரியரிடத்தே கற்ற இருவருள் ஒருவன் திருக்கோயிலுக்கு விளக்கிடுவோனாகவும், மற்றொருவன் அவ்விளக்கின் நெய்யைக் கவர்வோனாகவும் ஆதல் உலகத்திற் காணப்படுகின்றது. ஆதலின் இவ்வுண்மை நூலறிவு இல்லாரும் உணரத்தக்கதேயாம்.

இங்கே ஒரு தடை எழும். உயிர் தன் வினையோடு வருமாயின், மக்களை வளர்த்தற்கண் பெற்றோர் செய்யக்கடவது யாது? நல்லவனாதற்குரியவன் எவ்வாறாயினும் நல்லவனாவன். தீயவனாதற்குரியவனை யார் தடுக்க வல்லார்? ஆகவே முயற்சி வேண்டா என்பர் ஒரு சாரார். மற்றொரு சாரார், பிள்ளை ஈரக் களிமண் போல்வான், வனைவார் வனைந்தவாறே ஆவன் என்று கருதி, வைதும் அடித்தும் அச்சுறுத்தியும் தாம் எண்ணிய வடிவிற்கு அவனைக் கொணர முயல்வர். முன்னையோர் கைவிடுகின்றனர், பின்னையோர் கைப்பற்றி நெரிக்கின்றனர். இரு திறத்தாரும் உயிரின் இயல்பை உள்ளவாறு உணர்ந்தாரல்லர்.

உயிரின் இயல்பாவது யாது? சார்ந்ததன் வண்ணமாய் நிற்றலே அதன் இயல்பென்று சித்தாந்த நூல்கள் கூறும். படிகம் தனக்கென ஒரு நிறங்காட்டாது, செம்பூவை அடுத்த வழிச் செம்மையும் கரும்பூவை அடுத்த வழிக் கருமையும் காட்டும். அதுபோல உயிர் மலத்தைச் சார்ந்து மலமேயாயும், சிவத்தைச் சார்ந்து சிவமேயாயும் விளங்கும். படிகத்தை வேறொன்றாக்குதல் எவர்க்கும் ஆகாது. அதன் அருகே வைக்கும் பூவைத் தெரிந்து வைத்தலோ ஆகும். பெற்றோர்க்கு உரிய தொழில் இத்துணையே. இது சிறு தொழில் போலத் தோன்றினும், அதனை வழுவாது செய்தல் ஒரு வாழ்நாள் முழுதும் வேண்டும் தவமாம்.

சிவஞானபோதத்து எட்டாஞ் சூத்திரம் இதற்குச் சான்றாகும். ஐம்புலன்களாகிய வேடர் நடுவில் தன்னை மறந்து வளர்ந்த உயிருக்கு, இறைவன் குருவாய் வந்து அதன் நிலையை உணர்த்துதலை அது கூறுகின்றது. சிவஞான சித்தியார் வேடரிடத்து வளர்ந்த அரசகுமாரன் ஒருவனை உவமையாக்கி இதனை விரித்துரைக்கும். அவ்வுவமையில் ஊன்றி நோக்கற்பாலது ஒன்றுண்டு. அக்குமாரனை வேடர் அடித்து வேடனாக்கினாரல்லர். ஏடு கொடுத்துக் கற்பித்தாருமல்லர். அவரோடு உண்டு, அவரோடு உறங்கி, அவர் பேசுவன கேட்டு, அவர் செய்வன கண்டான், வேடனாயினான். கற்பிப்பார் எவருமின்றியே சார்பு தன் காரியத்தை முடித்துவிட்டது. தீய சார்பிற்கு இத்துணை வலியுண்டாயின் நல்ல சார்பிற்கும் அது உண்டென்பது சொல்லாமலே அமையும்.

இவ்வுண்மை கண்கூடாக விளங்கும் இடங்களுள் ஒன்று திருத்தணிகை. தமிழகத்தின் வடவெல்லையில் ஆந்திர நாட்டை அடுத்துள்ள இத்தலம், 1953-ஆம் ஆண்டு ஆந்திர மாநிலம் பிரிந்தபோது அதனோடு சென்று, 1960-ஆம் ஆண்டு ஏப்பிரல் 1-ஆம் நாள் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. எல்லைக்கோடு மாறியும் மலையேறுவார் மாறிலர். தமிழ் பேசுவாருந் தெலுங்கு பேசுவாரும் தம் மக்களைத் தோளிற் சுமந்து இன்றும் அப்படிகளில் ஒருங்கே ஏறுகின்றனர்.

இத்தலத்தோடு தொடர்புடைய வள்ளியம்மையார் வரலாறும் ஒரு வளர்ப்பு வரலாறேயாகும். மானின் வயிற்றிற் றோன்றி, வள்ளிக்கிழங்கு அகழ்ந்த குழியிற் கிடந்த குழவியை வேடர் தலைவனாகிய நம்பி கண்டெடுத்து வளர்த்தான். அக்குழவி யார், எதன்பொருட்டு வந்தது என்பன அவன் அறியான். தன் குல வழக்கப்படி தினைப்புனங் காக்கவும் வைத்தான். முருகப்பெருமான் அம்மையாரைக் கொண்டேகிய போது, தன் பொருளைப் பிறர் கவர்ந்தனர் என்றெண்ணிப் படையோடு தொடர்ந்தான். உரியவர் இன்னார் எனத் தெளிந்த பின்னரோ தன் கையாலே மணஞ்செய்து கொடுத்தான். பெற்றோர் யாவர்க்கும் நம்பியின் நிலையே நிலை. வளர்ப்பது தம் கடன், உரிமை வேறொருவருடையது. முருகன் தலங்களிற் பிள்ளையைச் சந்நிதியிற் கிடத்தி, 'இவன் நின் பிள்ளை' என்று கொடுத்து மீட்டும் பெற்றுவரும் வழக்கமும், பிறந்த முடியைத் தணிகையில் இறக்கும் வழக்கமும் இவ்வுண்மையை உள்ளடக்கியன என்க. ஆயின், கொடுத்ததை மலையிலேயே மறந்து, வீடு வந்தவுடன் 'என் பிள்ளை' என்று கைப்பற்றுவாரே பலர்.

மணம் முடிந்த பின்னர்ப் பெருமான் வள்ளியம்மையாரோடு எழுந்தருளியது தணிகை மலையிலே என்று கந்தபுராணங் கூறும். சூரனோடு செய்த செருவும் வேடரோடு செய்த செருவும் ஒழிந்து, சினந் தணிந்து அமர்ந்த இடமாதலின் அதற்குச் செருத்தணி என்று பெயராயிற்று. பிள்ளைகளை அழைத்துக்கொண்டு அம்மலை ஏறும் பெற்றோர் அப்பெயரை ஒருகாற் சிந்தித்தல் நன்று.

அற்றேல், பெற்றோர் மக்களை அடித்துத் திருத்துதலைச் சித்தியாரே உவமையாக எடுத்தாண்டதன்றோ எனின், கூறுதும். சொல்வழி நில்லாத மக்களைப் பெற்றோர் உறுக்கியும் அடித்தும் திருத்துதல் பரிவே யாதல்போல, இறைவன் வினைப்பயனை ஊட்டுதலும் பரிவேயாம் என்பது அங்குக் கூறிய பொருள். இறைவன் முனிவு அருளின் வேறன்று என நிறுவவந்த உவமை அது. அடித்தலை விதிக்க வந்ததன்று. அதனுள் நிலைத்த பொருள் பரிவு, கோல் அன்று. மேலும், இறைவன் விருப்பு வெறுப்பு இல்லாதவன். அவன் ஒறுத்தலிலே தன்பயன் சிறிதும் இல்லை. மனிதன் சினமோ பெரும்பாலும் தன்பயன் கருதியது. பிறர் முன்னிலையிற் பிள்ளை தன்னை நாணச் செய்தான் என்றும், தான் அடையாத பதவியை அவனும் அடையாது விட்டான் என்றும், பகலிற் பட்ட இழிவை இரவில் ஆற்றிக்கொள்ளவும் ஓங்கும் கை, எவ்வாறு இறைவன் கைக்கு உவமையாகும்? அவ்வடியிற் பிள்ளை கற்பது ஒன்றே: வலியோன் மெலியோனை அடிக்கலாம் என்பது. சார்ந்ததன் வண்ணமாம் உயிர் சினத்தைச் சார்ந்து சினமேயாகின்றது. ஆதலின் மகனைத் திருத்தப் புகுவோன் முதற்கண் தணிய வேண்டியவன் தானேயாம்.

நல்ல சார்பை ஊரறிய அமைத்துக் கொடுத்த பெரியார் வள்ளிமலை சச்சிதானந்த சுவாமிகள். 1870-இற் பிறந்து 1950-இற் சிவபதம் எய்திய அவர், ஆங்கிலேயர் ஆண்ட காலத்தில் ஓர் வழக்கத்தைக் கண்டார். ஆங்கிலப் புத்தாண்டு பிறக்கும் நாளில் உத்தியோகத்தர் பலரும் மாலையுங் கனியும் ஏந்தித் துரைமார் மனைவாயிலிற் காத்து நிற்பர். துரைக்கெல்லாந் துரையாகிய தணிகை வேலனை முதலில் வணங்குக என்று அன்பரைத் திருப்பி, 1918-ஆம் ஆண்டின் பிறப்பை ஒட்டித் திருப்படி விழாவைத் தொடங்கினார். ஓராண்டின் நாட்களுக்கு ஒப்ப 365 எனக் கொள்ளப்படும் படிகளில், படிதோறும் ஒரு திருப்புகழ் பாடிக் கற்பூர ஒளி காட்டி ஏறுதல் அவ்விழாவின் முறை. துரைமார் சென்று பல்லாண்டுகள் ஆகியும் விழா நின்றிலது. ஆண்டுதோறும் டிசம்பர் 31-ஆம் நாளிற் பசனைக் கூட்டங்கள் பாடிக்கொண்டே ஏறுகின்றன; நூறாண்டும் கடந்துவிட்டது.

ஆண்டிற்கொருமுறை பலவூரார் மீண்டும் ஒருங்கு கூடுகின்ற இக்கூட்டத்திற் பிள்ளைகள் பெறுவது யாது? இக்காலத்திற் கோடை விடுமுறையிற் சிறுவரைத் திரட்டிப் பத்து நாட் சமய வகுப்பு நடத்துதல் பலவிடத்தும் உண்டு. அது நன்றே. ஆயினும் வகுப்பிற் பதிகம் ஒப்பித்துப் பரிசு பெற்ற சிறுவன், மனைக்கு மீண்டு அங்கே எவரும் பாடக் காணானாயின், பாட்டு என்பது சிறுவர்க்கு விதித்த பாடம், பெரியோர்க்கு வேண்டாதது என்றே கருதிவிடுவான். படிவிழாவிலோ கற்பிப்பார் கற்பார் என்னும் பிரிவு இல்லை. தந்தை பாடுகின்றான், தாய் கற்பூரம் ஏற்றுகின்றாள், முழங்கால் நோவோடு பாட்டி அடுத்த படியிற் கால் வைக்கின்றாள். சிறுவன் தாளத்தை ஒற்றுகின்றான். சந்தம் காதில் நிறைகின்றது. பொருள் பின்னர் வரும். பெரியோர் வணங்குவது ஒன்று உண்டு, அதற்காக இளைப்பையும் பொறுப்பர் என்பதை அவன் கண்ணாற் காண்கின்றான். சரியை முதற்படியாக வைக்கப்பட்டதும் இக்கருத்தினாலேயே. திருவலகிடுதலும் மலர் பறித்தலும் கூட நின்று செய்யப்படுவன. கைபழகியவிடத்து மனமும் பழகும்.

இதற்குத் தணிகையோடு ஒட்டிய சான்று ஒன்றுண்டு. ஏட்டில் மறைந்து கிடந்த திருப்புகழை ஊரூராய்த் தேடித் தொகுத்து அச்சிற் கொணர்ந்தவர் வ. த. சுப்பிரமணிய பிள்ளை. 1846 முதல் 1909 வரை வாழ்ந்த அவர், மாவட்ட முனிசீப்பாக அலுவல் பார்த்தவர். தீட்சிதர் தொடர்பான வழக்கொன்றில் திருப்புகழ் மேற்கோளாகக் காட்டப்பட்டதைக் கேட்டு உள்ளம் நெகிழ்ந்து, அதன் தேட்டத்தில் இறங்கினார் என்ப. தம் மைந்தருள் ஒருவருக்குத் தணிகைப் பெருமான் திருப்பெயராகிய செங்கல்வராயன் என்பதனையே இட்டார். அம்மைந்தர் 1883-இற் பிறந்து, பத்திரப்பதிவுத் துறையில் அலுவல் பார்த்து, ஓய்வு பெற்ற பின்னர்த் திருப்புகழ் முழுமைக்கும் உரை எழுதித் தணிகைமணி என்று போற்றப் பெற்றார். தந்தை பாட்டைத் தேடினார். மகனார் பொருளைத் தேடினார். தந்தை மாலைப்பொழுதிற் பழைய ஏட்டின்முன் அமர்ந்திருந்த காட்சியினும் வலிய கட்டளை வேறொன்று அம்மனையில் வேண்டியிருந்திராது.

இனி, நெஞ்சை அறுக்கும் வினா ஒன்று எஞ்சியுள்ளது. நல்ல சார்பைக் கொடுத்தும் பிள்ளை விலகிச் செல்வானாயின்? முன்பு தோளிலேற்றிக் கொணர்ந்த மகன் இப்போது வர மறுப்ப, தனியே படியேறும் தந்தையும் அக்கூட்டத்தில் இருத்தல் கூடும். வளர்த்த முறையிற் பிழை செய்தேன் என்று அவன் தன்னையே நோவான். அவனுக்குச் சமயம் கூறும் விடை யாது?

விடை திலகவதியார் வரலாற்றில் உள்ளது. பெற்றோரும், மணம் பேசப்பட்ட கலிப்பகையாரும் மறைந்த பின்னர், தம்பியின் பொருட்டே உயிர் தாங்கியவர் அவ்வம்மையார். அத்தம்பியாரோ சமண் சமயம் புக்கார். அம்மையார் அவரைத் தொடர்ந்து சென்று வாதிட்டாரில்லை; வைதாரில்லை; தம் தொண்டை விட்டாருமில்லை. திருவதிகை வீரட்டானத்தில் திருவலகிட்டு, மெழுகி, மலர்மாலை சாத்தித் தம்பியின் பொருட்டு இறைவனிடத்து முறையிட்டு வந்தார். சூலைநோயால் வருந்திய தம்பியார் மீண்டு வந்து அடியில் வீழ்ந்தபோது, சென்றது குறித்து இடித்துரையாது திருநீறளித்துத் திருக்கோயிலுக்கு அழைத்துச் சென்றார். மீளுங் காலத்தை வகுத்தவன் இறைவன். மீண்டு வருதற்கு ஓரிடத்தை அழியாது காத்தவர் அம்மையார். அவர் சினந்து கதவடைத்திருப்பின், நோயுற்றபோது தம்பியார் உள்ளம் அங்கே திரும்பியிருக்குமோ?

பக்குவத்தின் காலம் பெற்றோர் கையில் இல்லை. படிவிழாத் தந்த வள்ளிமலைச் சுவாமிகள் தாமே நடுவயதிலன்றோ திருப்புகழை ஓதத் தொடங்கினார். ஆதலின் தனியே படியேறும் தந்தை தான் தோற்றதாக எண்ணுதல் வேண்டா. இளமையிற் காதிற் புகுந்த சந்தம் எப்படியில் எவ்வாண்டில் விழித்தெழும் என்பதை யாரே அறிவார்? அவன் செய்யக்கடவது, தன் பாட்டை நிறுத்தாமையும் தன் வாயிலை அடையாமையுமே.

ஆகவே, மக்களைப் படைப்பவர் பெற்றோர் அல்லர். அவரிடத்துப் பொறுப்பின்றி இருத்தற்கும் உரியரல்லர். சில்லாண்டுக் காலம் ஓர் உயிருக்குச் சார்பாய் நிற்கும் பேறு அவர்க்கு அளிக்கப்பட்டுள்ளது. அச்சார்பு சினமற்றதாகவும், சிவத்தை நோக்கியதாகவும் இருத்தற்குத் தம்மைத் திருத்திக் கொள்ளுதலே பிள்ளை வளர்ப்பின் முதற்படி. ஏனைய படிகளில் உடன் ஏறி வருபவன் தணிகை வேலன். அவன் திருவருள் பெற்றோர் சினத்தைத் தணித்து, பிள்ளைகள் உள்ளத்தைத் தன்பால் ஈர்த்தருளுக.