விட்டுவைக்கும் கணக்கு

அலாஸ்காவின் பிரிஸ்டல் விரிகுடாவில் பாயும் பல ஆறுகளின் கரையில், ஜூன் பிற்பாதியில் கோபுரங்களில் ஆள் ஏறிவிடும். கீழே சாக்கை சால்மன்கள் எதிர்நீச்சல் போடும். மணிக்கு 10 நிமிடம் எண்ணி, ஆறால் பெருக்குவார்கள். முட்டையிடப் போதுமான மீன் மேலேறுமா என்று பார்த்தே வலைக்கு அனுமதி.

விட்டுவைப்பதற்கே முதல் கணக்கு.

பசிபிக் வடமேற்குப் பழங்குடிகள் பலரிடம் இந்த அக்கறை சடங்காகவே இருக்கிறது. பருவத்தின் முதல் சால்மனை ஊரே பகிர்ந்துண்டு, எலும்புகளை ஆற்றில் சேர்ப்பார்கள். மரியாதை குறைந்தால் மீன் திரும்பாது என்பது நம்பிக்கை.

கனடாவின் ஃபிரேசர் ஆற்றில் 2009-இல் எதிர்பார்த்த சாக்கை ஒரு கோடிக்கு மேல். வந்தது சுமார் 15 லட்சம். மறு ஆண்டே ஏறக்குறைய 3 கோடி! சரிவை ஆராய்ந்த நீதிபதி புரூஸ் கோஹன் ஆணையத்தின் 2012 அறிக்கையும் ஒற்றைக் காரணத்தைச் சுட்டவில்லை.

அப்படியானால் வருவது உரிமையா, கொடையா? கோபுரத்தில் இருப்பவர் அதற்குள் அடுத்த 10 நிமிடத்தைத் தொடங்கிவிட்டார்.