சான்றில்லாத ஒரு பக்கம்

தமிழ் விக்கிப்பீடியாவில், இலங்கையின் கந்தளாய்ப் பக்கத்துச் சிறு கோயில் ஒன்றைப் பற்றிச் சில வரிகள். குளக்கோட்டன் என்ற மன்னன் கந்தளாய்க் குளத்தைக் கட்டினான். கோயில் அந்தக் காலத்தது. சண்டையில் சனம் இடம்பெயர்ந்தது. திரும்பி வந்து புதுப்பித்தது. அடிக்குறிப்பு ஒன்றும் இல்லை. நீக்கலாமா என்று ஒருவர் கேட்டிருக்கிறார்.

நியாயமான கேள்விதான். எழுதியவர் யாரென்றே தெரியாத இடத்தில், சரிபார்க்க வழி இருக்கிறது என்பது மட்டுமே வாசகருக்குப் பிடிமானம். இணையத்தில் தேடினால் இதே வரிகள் வேறு தளங்களிலும் அகப்படுகின்றன, எழுத்துப்பிழை உட்பட. அவை சாட்சி அல்ல, நகல்.

*

குளக்கோட்டனைக் கந்தளாய்க் குளத்தோடு சேர்த்துச் சொல்வது கோணேசர் கல்வெட்டு. பெயர் அப்படி இருந்தாலும் அது கவிராசவரோதயர் இயற்றிய நூல். பாளி வரலாற்று நூலான சூளவம்சமோ 7ஆம் நூற்றாண்டு மன்னன் இரண்டாம் அக்கபோதியைச் சொல்கிறது. ‘கட்டினான்’ என்பதைக் ‘கட்டியதாகக் கோணேசர் கல்வெட்டு கூறுகிறது’ என்று திருத்தி, மற்ற நூலையும் பக்கத்தில் வைத்தால் அந்த வரி நிற்கும்.

*

கோயிலின் பழமைதான் மனதை இழுக்கிறது. கந்தளாய்க்கு அருகே பாலமோட்டையில் கிடைத்த தமிழ்க் கல்வெட்டு, முதலாம் விஜயபாகுவின் 42ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது. கணவனை இழந்த நங்கைசானி என்ற பிராமணப் பெண், கந்தளாயில் இருந்த தென்கைலாசம் என்ற சிவன் கோயிலுக்குக் கொடை கொடுக்கிறாள். அதைக் காக்கும் பொறுப்பு வேளைக்காரப் படையினரிடம். எத்தனை அருமையான சான்று! அதை எடுத்து இந்தப் பக்கத்தின் அடியில் வைத்துவிடக் கை பரபரக்கிறது.

வைக்கக்கூடாது. அந்தக் கோயில்தான் இந்தக் கோயில் என்று கல் சொல்லவில்லை. சான்றே இல்லாத வரியை வாசகர் சந்தேகத்தோடு படிப்பார்; பொருந்தாத சான்று தாங்கிய வரியை அப்படியே நம்பிவிடுவார். இரண்டாவதைத்தான் நான் அதிகம் அஞ்சுகிறேன்.

*

அடுத்தது இடம்பெயர்வு வரி. 1986 ஏப்ரல் 20 அதிகாலையில் கந்தளாய்க் குளக்கட்டு உடைந்து 120க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதற்குச் சான்று தேடி அலைய வேண்டியதில்லை. ஒரு குக்கிராமத்துச் சனம் எப்போது ஊரைவிட்டுப் போனது, யார் முதலில் திரும்பி வந்து விளக்கேற்றினார் என்பது அப்படியல்ல. ஓடும்போது யாரும் திருவிழா நோட்டீசைக் கட்டி எடுத்துப் போவதில்லை. யாழ்ப்பாண நூலகமே 1981இல் எரிந்த நாடு இது. சான்று கிடைக்காததை எழுதியவரின் சோம்பலாக மட்டும் எண்ண எனக்கு மனம் வரவில்லை. 2005இல் தொடங்கிய ‘நூலகம்’ என்ற எண்ணிம நூலகத்தில் கும்பாபிஷேக மலர்கள் பல இருக்கின்றன. அங்கே தேடாமல் நீக்குவது அவசரம்.

*

அந்தக் கட்டுரையின் உரையாடல் பக்கத்தில் நான் எழுதியது:

நீக்க வேண்டாம். குளக்கோட்டன் வரி திருத்தப்பட்டு இரு நூல்களும் சுட்டப்பட்டுள்ளன. பழமை பற்றிய வரி எடுக்கப்பட்டது. இடம்பெயர்வு வரிக்குச் ‘சான்று தேவை’ இடப்பட்டுள்ளது. கோயில் மலர் வைத்திருப்பவர்கள் ஆண்டும் பக்க எண்ணும் தந்து உதவுங்கள்.