கிரியையின் தோற்றமும் உண்மையும்

ஒரு கிரியை எங்கிருந்து வந்தது என்பது ஒரு வினா. அது மெய்யோ என்பது பிறிதொரு வினா. இவ்விரண்டையும் ஒன்றென மயங்குவார் பலர்.

அமெரிக்க தேசத்தில் மோர்மன் சமயத்தைத் தாபித்த யோசேப்பு ஸ்மித் என்பார், 1842ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் நாவூ நகரத்துப் பிறீமேசன் சங்கத்திற் சேர்ந்தார். ஏழு வாரங் கழிந்து, மே மாதம் 4ஆந் திகதி, தம் அணுக்கர் சிலர்க்குத் தமது ஆலயக்கிரியையை முதன்முதல் நடாத்தினார். கைக்குறிகளும், இடைமுன் கட்டும் ஆடையும், இரகசியங் காக்கும் ஆணையும் ஈரிடத்தும் ஒத்திருந்தன.

மறுப்போர் இதனைக் களவென்பர். மோர்மன் அன்பர் பலரோ, சாலொமோன் ஆலயத்துப் பண்டைக்கிரியை சிதைந்து மேசனரிடம் எஞ்சிற்றென்றும், இறைவன் அதனை மீளத் திருத்தியருளினானென்றும் விடை கூறினர். மேசன் சங்கம் ஐரோப்பியக் கற்றச்சர் கூட்டங்களினின்று வளர்ந்ததேயன்றிச் சாலொமோன் காலத்ததென்றற்குச் சான்றில்லை என்பது சரித்திரகாரர் துணிபு.

இங்கே நடுவுநிலை யாது? அயலார் அகலில் ஏற்றினுஞ் சுடர் சுடரே. வடிவங் கடன்கொண்டமை பற்றியே பொருள் பொய்யாகாது. உலகத்தோற்றம், ஆதாமின் வீழ்ச்சி, இறைவனோடு செய்யும் உடன்படிக்கை என அக்கிரியை உணர்த்தும் பொருள் வேறு. ஆயின், பண்டைக்காலந் தொட்டு வந்ததென்னுங் கூற்றுச் சரித்திரத்தின்பாற்படும். அதனைப் பக்தியாற் சாதித்தல் இயலாது. ஆணை மீறுவார்க்குரிய தண்டத்தைக் காட்டுங் குறிகள் 1990இல் அச்சபையாராலேயே நீக்கப்பட்டமையுங் கருதற்பாலது.

ஆசிரியர்காள்! நாளை நம் மாணாக்கர் நமது தீட்சையின் வரலாற்றை வினவுவர். பிறர்க்கொரு கோலும் நமக்கொரு கோலுங் கொள்ளற்க. தொன்மை கூறின் சான்று காட்டுக. பயன் கூறின் ஒழுக்கத்திற் காட்டுக.